ஜிடோக்கா என்பது தானியக்கம் அன்று

கடந்த மாதம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிக் கையேடு மெய்ப்புப் பார்க்க என் மேசைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: "டொயோட்டா உற்பத்தி முறையின் இரு தூண்களில் ஒன்று தானியக்கமாக்கல்." ஜிடோக்கா என்னும் ஜப்பானியச் சொல்லைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். சிவப்பு மையால் அடித்தேன். அடித்த பிறகுதான் இதே சொல்லை எத்தனை இடங்களில் பார்த்துவிட்டேன் என்று தோன்றியது. மேலாண்மைக் கட்டுரைகளில், பயிற்சி வகுப்பின் திரையில், பொறியியல் மாணவர்களுக்கான உரைகளில், எங்கு பார்த்தாலும் ஜிடோக்கா என்றால் தானியக்கம். சொல் சற்றே பிசகியிருந்தால் விட்டுவிடலாம். இது எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும் சொல். அந்த ஜப்பானியச் சொல்லின் உயிர் எந்திரம் ஓடுவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஜிடோக்கா மூன்று கான்ஜி எழுத்துகளால், அதாவது ஜப்பானியர் ஆளும் சீன வகைப் பொருளெழுத்துகளால் ஆனது. 'ஜி' என்றால் தான். 'கா' என்றால் ஆக்கம். சிக்கல் முழுவதும் நடுவில் உள்ள 'டோ'வில். பொதுவழக்கில் அந்த எழுத்துக்கு அசைவு என்று பொருள். தானாக அசைதல், நாம் சொல்லும் தானியக்கமேதான். டொயோட்டாவின் ஜிடோக்காவிலோ அதே எழுத்தின் இடப்பக்கம் ஆளைக் குறிக்கும் இரண்டு கோடுகள் கூடுதலாக நிற்கின்றன. ஆள் சேர்ந்ததும் அசைவு உழைப்பாகிவிடுகிறது. வேலை செய்தல் என்னும் பொருளுள்ள அந்த எழுத்து சீனத்திலிருந்து வந்ததன்று, ஜப்பானிலேயே உருவானது. இரண்டுக்கும் ஒலி ஒன்றே. நம்மில் பலர் வாயில் அரமும் அறமும் ஒன்றாக ஒலிப்பதைப் போல, காதுக்கு வேறுபாடு தெரியாது, கண்ணுக்கே தெரியும். அதனால் ஜப்பானியரே பேசும்போது "ஆள் சேர்ந்த ஜிடோக்கா" என்று தனியே விளக்கிச் சொல்கிறார்கள். அவர்களே பிரித்துச் சொல்லும் இரண்டை நாம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

பொருள் விளங்க வேண்டுமானால் காரை விட்டுவிட்டுத் தறிக்குப் போக வேண்டும். டொயோட்டாவின் வேர் தறியில் இருக்கிறது. சாக்கிச்சி டொயோடா 1867இல் இன்றைய ஷிசுவோகா மாநிலத்தின் கோசாய் பகுதியில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் விசைத்தறி செய்தார். துணியின் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தானே நின்றுவிடும் ஏற்பாடு அந்தத் தறியில் இருந்தது.

இந்த ஏற்பாடு இல்லாத விசைத்தறியின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நூல் அறுந்தது தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். ஊடை நூலைச் சுமந்து செல்லும் நாடா வெறுமனே குறுக்கே போய்வரும். துணியில் ஊடை இல்லாத இடைவெளி விழும். நெடுக்காக ஓடும் நூல்களான பாவில் ஓர் இழை அறுந்தாலோ துணி நெடுகக் கோடு விழும். ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் கண்கொட்டாமல் காவல் இருக்க வேண்டும். அந்த ஆளின் வேலை நெய்வதன்று. எந்திரம் பிழை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. நாள் முழுவதும் அதுதான் வேலை.

பாவுக்கான ஏற்பாடு இன்னும் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். நூல் விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். நூல் அறுந்தால் தாங்க ஆளின்றித் தகடு கீழே விழும். விழுந்த தகடு தறியை நிறுத்தும் விசையைத் தட்டிவிடும். மின்சார உணரிகளோ கணினியோ எதுவும் வேண்டியதில்லை. நூலின் விறைப்பும் தகட்டின் எடையும் போதும்.

1924இல் சாக்கிச்சியும் மகன் கீச்சிரோவும் உருவாக்கிய ஜி (G) வகைத் தறியில் இந்த நிற்கும் அறிவோடு இன்னொரு திறனும் சேர்ந்தது. நாடாவில் நூல் தீரும்போது தறி தன் வேகத்தைக் குறைக்காமலேயே புதிய நாடாவை ஏற்றுக்கொண்டது. இங்கேதான் என் வழக்குக்கு வேண்டிய சான்று கிடைக்கிறது. ஓடிக்கொண்டே நாடாவைத் தானாக மாற்றிக்கொள்வது தானியக்கம். நூல் அறுந்ததும் ஓட மறுத்து நின்றுவிடுவது ஜிடோக்கா. ஒரே தறியில் இரண்டும் உண்டு. இரண்டும் வேறு வேறு. 1926இல் ஐச்சி மாநிலத்தின் கரியாவில் அந்தத் தறியைச் செய்ய நிறுவிய நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் ஆள் இல்லாத 'டோ'தான். அதை 'டொயோடா தானியங்கித் தறி நிறுவனம்' என்று தமிழாக்கினால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தானியங்கி சரியான சொல்.

1929இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இந்தத் தறியின் காப்புரிமைக்கு 1 லட்சம் பவுன் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. தறி எந்திரங்களுக்குப் பெயர்போன நாடு, ஜப்பானியரிடமிருந்து தறியை வாங்கியது. மறு ஆண்டே சாக்கிச்சி காலமானார். கீச்சிரோவின் மனம் காரில் இருந்தது. 1933இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே வாகனப் பிரிவு தொடங்கியது. 1935இல் முதல் மாதிரிக் காரும் ஜி1 லாரியும், 1936இல் ஏஏ காரும் வந்தன. 1937 ஆகஸ்டில் வாகனப் பிரிவு தனி நிறுவனமாயிற்று.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயர் டொயோடா. வளமான வயல் என்று பொருள். 1936இல் வணிகச் சின்னத்துக்காகப் போட்டி வைத்தார்கள். ஏறத்தாழ 27,000 பேர் எழுதி அனுப்பினார்கள். அதையொட்டி நிறுவனத்தின் பெயர் டொயோட்டா ஆயிற்று. கட்டகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தில் அதற்கு எட்டுக் கோடுகள். எட்டு அங்கே நல்ல எண். குடும்பப் பெயரிலிருந்து நிறுவனம் விலகி நிற்கவும் அது உதவியது. இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழுக்கு எந்தப் புதுக் குறியும் தேவையில்லை. உயிரோசைகளுக்கு நடுவே ஒற்றை 'ட' மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வலித்து ஒலிக்கும். குடும்பம் டொயோடா, நிறுவனம் டொயோட்டா. நம் எழுத்தே இதைச் செய்துவிடுகிறது. ஜிடோக்காவுக்கு நான் 'க்' இரட்டிப்பதும் இதே காரணத்தால்தான். 'ஜிடோகா' என்று எழுதினால் கடைசி எழுத்து மெலிந்துவிடும். 'சிடோக்கா' என்று எழுதும் நண்பர்களும் உண்டு. அவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் அயல்மொழிப் பெயரை அடையாளம் தெரியாமல் ஆக்குவது தூய்மையாகாது. நாம் நல்ல தமிழ்ச்சொல் கண்டுபிடிப்பதே தூய்மை.

தறியின் பாடத்தைக் கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர் டாயிச்சி ஓனோ. 1932இல் டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில் சேர்ந்தவர். 1943இல் கார் நிறுவனத்துக்கு மாறினார். பிழை நேர்ந்தால் தானே நிற்கும் தறியிருந்தால் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கலாம் என்பதை ஆலையில் கண்டவர், எந்திரப் பட்டறையிலும் அதையே செய்ய முனைந்தார். கடைசல் எந்திரமோ துளையிடும் எந்திரமோ, கோளாறு வந்தால் நிற்க வேண்டும். நிற்கும் என்ற உறுதி இருந்தால் ஆள் அதன் முன் காவல் இருக்க வேண்டாம். பின்னர் இது உற்பத்தி வரிசையில் நிற்கும் மனிதருக்கும் பரவியது. தன் கையில் வந்த வண்டியில் பிழை கண்ட தொழிலாளி தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும். குழுத்தலைவர் ஓடி வருவார். சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். கடைநிலைத் தொழிலாளிக்கு அந்த அதிகாரம் உண்டு.

இப்போது 'தானியக்கமாக்கல்' என்ற சொல்லை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கயிற்றை இழுக்கும் தொழிலாளி அதில் எங்கே இருக்கிறார்? எங்குமே இல்லை. தானியக்கம் என்ற சொல் ஆளைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்கிறது. பணம் வழங்கும் எந்திரத்துக்கும் தானே திறக்கும் கதவுக்கும் அது பொருந்தும், பழகியும் விட்டது. அங்கே அதை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சி வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்கும் தொழிலாளிக்கு என்ன தோன்றும்? அப்படி ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் தொழிலாளி எழுந்து, "தானியங்கி வந்துவிட்டால் எங்களுக்கு வேலை இருக்குமா ஐயா?" என்று கேட்டார். பயிற்றுநர் தடுமாறினார். அவர் விளக்க வந்தது அந்தப் பெண்ணின் கைக்கு வரிசையை நிறுத்தும் உரிமை உண்டு என்பதை. அவர் பயன்படுத்திய சொல் அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது வேலை நீக்கமாக.

ஆங்கில நூல்களில் இதற்கு 'மனிதத் தொடுதல் உள்ள ஆட்டோமேஷன்' என்ற பொருளில் ஒரு தொடர் உண்டு. அதை அப்படியே தூக்கி 'மனிதத் தொடுகையுடன் கூடிய தன்னியக்கம்' என்று எழுதுகிறார்கள். தமிழில் தொடுகை என்றால் கை படுதல். இங்கே கை படவில்லையே! கை படாமலே தறி நிற்கிறது என்பதல்லவா செய்தி? ஆங்கிலத்தில் 'மனித அறிவு போன்ற ஒன்று' என்ற சாயல் அந்தத் தொடருக்கு உண்டு. தமிழில் அந்தச் சாயல் வராது. இன்னும் சிலர் ஆங்கிலத்தில் ஒட்டுப்போட்ட 'ஆட்டோனமேஷன்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் 'தன்னாட்சி இயக்கம்' என்கிறார்கள். படிப்பவருக்கு அரசியல் போராட்டம்தான் நினைவுக்கு வரும். ஜப்பானியச் சொல்லை ஆங்கிலம் எப்படி ஒப்பேற்றியது என்பதைத் தமிழாக்க நமக்கு என்ன தலைவிதி? தறி நம் ஊரில் இல்லாத பொருளா? பாவும் ஊடையும் நாடாவும் நம் சொற்கள் அல்லவா?

எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ஜிடோக்காவின் முதற்பகுதி 'தன்வினை' ஆகும். அழகான சொல். ஆனால் இலக்கணத்தில் அதற்கு ஏற்கனவே வேலை இருக்கிறது. எடுத்து இங்கே போட்டால் இரண்டு இடத்திலும் குழப்பம். 'உணர்நிறுத்தம்' என்று ஒரு நண்பர் சொன்னார். வினைத்தொகையாக நன்றாகவே அமைந்திருக்கிறது. இருந்தாலும் தொழிற்சாலைச் சுவருக்குள் 'நிறுத்தம்' என்றதும் வேலைநிறுத்தம்தான் முன்னால் வரும்.

அந்தத் தன்வினைதான் எனக்கு வழி காட்டியது. நில், நிறுத்து. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. நூல் அறுந்ததும் தறி நிற்கிறது. பிழை கண்டதும் தொழிலாளி வரிசையை நிறுத்துகிறார். ஜிடோக்கா இந்த இரண்டையும் உள்ளடக்கிய கருத்து. தமிழ் வினைச்சொல் ஒரே வேரிலிருந்து இரண்டையும் தருகிறது. ஆகவே எந்திரத்துக்கு 'உணர்ந்து நிற்றல்', மனிதருக்கு 'உணர்ந்து நிறுத்தல்'. சொல் நீளம் என்பார்கள். நீளம்தான். ஆனால் விளக்கவுரை இல்லாமலே பொருள் தெரிகிறது. 'உணர்ந்து நிற்கும் எந்திரம்', 'உணர்ந்து நிற்காத எந்திரம்' என்று பட்டறையில் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. 'தானியக்கமாக்கப்படாத எந்திரம்' என்று எந்தத் தொழிலாளியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது ஒரு சொல்லோடு முடிகிற நோய் அன்று. அதே கையேட்டில், வரிசையின் நிலையைக் காட்டும் விளக்குப் பலகையை 'ஆண்டன்' என்று எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவரின் பெயர் என்றே படிப்பவர் நினைப்பார். அன்டொன் என்பது ஜப்பானில் காகிதக் கூடு போட்ட பழைய விளக்கு. 'விளக்குப் பலகை' என்றாலே போதுமே. இன்னொரு பக்கத்தில் 'டொயோட்டா மகிழுந்து நிறுவனம்' என்றிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ஜப்பானியச் சொல் ஜிடோஷா: தானாக ஓடும் வண்டி. இங்கே ஆள் இல்லாத 'டோ'வே சரி. வண்டி உண்மையில் தானாக ஓடுகிறது. நம்மிடம் 'தானுந்து' என்ற அருமையான சொல் இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அதுவேதான். அதை விட்டுவிட்டு மகிழுந்து என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. டொயோட்டா முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜி1 லாரி. அந்த லாரிகள் அடிக்கடி வழியில் பழுதாகி நின்றன. பொறியாளர்கள் நின்ற இடத்துக்கே போய்ப் பார்த்து, பழுதின் காரணத்தைத் தேடித் திருத்தினார்கள். மகிழ்ந்து உலாப் போகும் வண்டியாக அந்த நிறுவனம் தொடங்கவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் பொருளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் மன்றாட்டு. தறிக்கூடத்தில் ஒரு நாள் நின்றிருந்தால் இந்தச் சொல் தானே வாயில் வந்திருக்கும். நெசவாளர் யாரும் நூல் அறுந்தால் "தானியக்கம் ஆகிவிட்டது" என்று சொல்லமாட்டார். "இழை அறுந்தது, தறி நின்றுவிட்டது" என்பார்.

கையேட்டைத் திருத்தி அனுப்பினேன். முதல்முறை வரும் இடத்தில் ஜிடோக்கா என்று எழுதி, பக்கத்திலேயே உணர்ந்து நிற்றல் என்று விளக்கி, அடுத்த பத்தியிலிருந்து தமிழ்ச்சொல்லை மட்டும் ஆள வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு வைத்தேன். கயிறு இழுக்கும் பக்கத்தில் மட்டும் 'நிற்றல்' வரும் இடமெல்லாம் 'நிறுத்தல்' என்று மாற்றியிருக்கிறேன். அச்சுக்குப் போகும்போது அந்த மாற்றத்தை யாரும் பழையபடி ஆக்கிவிடக் கூடாது என்று அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.