ரெட் டேட்ஸ்னா பேரீச்சம்பழம் இல்லீங்க, இலந்தை

சிங்கப்பூர், மலேசியா பக்கம் சீன மருந்துக்கடையில ரெட் டேட்ஸ்னு பாக்கெட் போட்டு விக்கிறாங்களே, அதை நம்ம ஆளுங்க சிலபேரு சிவப்பு பேரீச்சம்பழம்னு எழுதிடறாங்க, அது தப்பு. பேரீச்சை பனை குடும்பம், இது இலந்தை. கொட்டையைப் பாத்தாலே தெரிஞ்சிடும், பேரீச்சங்கொட்டையில நீளவாக்குல ஒரு பள்ளம் ஓடும், இதுல ரெண்டு முனையும் கூரா குத்தும். தோல் சுருங்கி கருஞ்சிவப்பா இருக்கும், உள்ள வெளிர் பழுப்பு சதை, அமுக்கினா பஞ்சு மாதிரி உள்ள போகும்.

சீனத்துல இந்தப் பழம் ஸாவ். சிவப்பா காயவச்சது ஹோங் ஸாவ், வைத்தியர் மருந்துச் சீட்டுல எழுதறது தா ஸாவ், அதாவது பெரிய இலந்தை. இங்கிலீஷ் ஜுஜூப் கிரேக்கத்துல ஸிஸிஃபோனா இருந்து லத்தீன்ல ஜுஜுபா ஆகி பிரெஞ்சு வழியா வந்த சொல். தாவரப் பேரு ஸிஸிஃபஸ் ஜுஜுபா. நம்ம ஊரு இலந்தை ஸிஸிஃபஸ் மௌரிஷியானா, ஒரே பேரினம், வேற வகை, அதனால தமிழ்ல சீன இலந்தைன்னு சொல்றதுதான் சரியா வரும். யுனானி மருத்துவத்துல உன்னாப்னு சொல்றதும் இதே பழம்தான்.

சீன மருத்துவக் கணக்குல இது இனிப்பு, சூட்டுத் தன்மை. மண்ணீரலுக்கும் வயித்துக்கும் பலம் குடுக்கும், ரத்தம் ஊறும், மனசை அமைதிப்படுத்தும்னு சொல்வாங்க. ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது இதோட இன்னொரு வேலை, கூட இருக்கிற கடுமையான மருந்தோட வேகத்தைத் தணிக்கறது. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் சொன்ன ஷி ஸாவ் தாங்னு ஒரு கஷாயம் இருக்கு, பேருக்கு அர்த்தமே பத்து இலந்தை கஷாயம், நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டா குடுக்கறது, அதுல நீரை வெளியேத்தற சரக்கு மூணு, ரெண்டு கள்ளி இன வேரு, ஒண்ணு பூமொட்டு, மூணுமே விஷத்தன்மை உள்ளது, ஆனா பேரு அந்த மூணுக்கும் கிடைக்கல, வயித்தைக் காப்பாத்தற இலந்தைக்குத்தான் போச்சு! அவரே சளி ஜுரத்துக்கு சொன்ன லவங்கப்பட்டை மரக் குச்சி கஷாயத்துல 12 பழம், கையாலேயே பிச்சுப் போடணும்னு குறிப்பு இருக்கு. முழுசா போட்டா தோல் தடிமன்ல உள்ள இருக்கிற சாறு சரியா இறங்காது, அதனால வீட்ல டீ போடறவங்களும் கீறிப் போடுங்க. காரணமில்லாம அழுகை வர்ற பொம்பளைங்களுக்கு கோதுமை, அதிமதுரம், 10 இலந்தை சேத்து ஒரு கஷாயமும் சொல்லியிருக்கார்.

வயிறு உப்புசம், சளி கட்டினவங்களுக்கு இது ஆகாதுன்னு அந்த வைத்தியமே சொல்லுது. காஞ்ச பழத்துல சர்க்கரை ஜாஸ்தி, சுகர் இருக்கறவங்க கவனம்.

கடையில ஸுவான் ஸாவ் ரென்னு கேட்டா இந்தப் பழம் வராது, அது காட்டுப் புளிப்பு இலந்தையோட பருப்பு, தூக்கம் வராதவங்களுக்கு குடுக்கறது. பேரைப் பாத்து வாங்குங்க.