ஹெர்பிஸ் மாத்திரைகள்: மருந்துக் கடைக்குப் போகும் முன்

பாளையங்கோட்டையில் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவராக இருக்கிறேன். ஹெர்பிஸ் கொப்புளத்தோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. கைப்பையிலிருந்து பாதி பிதுக்கிய களிம்புக் குழாய் ஒன்று வெளியே வரும். பின்னாலேயே, தெரிந்தவர் யாரோ சொன்னார் என்று வாங்கிய மாத்திரை அட்டையும் வரும். அடுத்து வருகிற கேள்வியும் அநேகமாக ஒன்றுதான். "அசைக்ளோவிர் பழைய மருந்தாமே டாக்டர்? வாலாசைக்ளோவிர்தான் வீரியம் அதிகமாமே?"

அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகிய மூன்றுமே கொப்புளத்தை ஆற்றுவதில் ஏறத்தாழ ஒரே தரத்தில் நிற்பவை. சரியான அளவில் சாப்பிட்டால் ஒன்று ஜெயித்தது, இன்னொன்று தோற்றது என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழுங்க வேண்டும், பணம் எவ்வளவு ஆகும், நோயாளியின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இவற்றில்தான் வேறுபாடு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், முதல் மாத்திரை எப்போது உள்ளே போகிறது என்பது. அதைக் கடைசி வரை யாரும் கேட்பதில்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை. பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆனால் முதல் வகையும் கீழே வரும், அதுவும் இப்போது சாதாரணம். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் உடலில் முதல் வகை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ஒருமுறை உள்ளே வந்த வைரஸ் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், தூக்கக்கேடு, மாதவிலக்கு, மனக்கவலை என்று ஏதாவது சாக்குக் கிடைத்தால் எழுந்து வருகிறது. சித்திரை வெயிலில் வயலில் நின்றவர்களுக்கு உதட்டில் கொப்புளம் போடுவதும் இப்படித்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. உடம்புச் சூடு என்று மோரும் இளநீரும் குடித்து நாளைக் கடத்துகிறார்கள். மோரில் தப்பில்லை. வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அவ்வளவுதான்.

அக்கி இந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர். சின்ன வயதில் சின்னம்மை போட்ட அதே வைரஸ், பல வருடம் கழித்து விலாவிலோ முகத்திலோ ஒரு பக்கமாகப் பட்டை போட்டு வருவது. மருந்துகள் இரண்டுக்கும் ஒன்றே, அளவுதான் வேறு. அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். உதட்டுக் கொப்புளத்துக்கும் பிறப்புறுப்புக் கொப்புளத்துக்கும் இத்தனை தேவையே இல்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் அதைக் கேலி செய்வதில்லை. காவி பூசினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே காய்ந்து விழுந்துவிடும் என்பதால் நல்ல பெயரும் காவிக்கே போகும். எனக்குள்ள வழக்கு நேரத்தோடுதான். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு வருகிறபோது அந்த நேரம் தாண்டியிருக்கும். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலிதான் உண்மையான தொல்லை.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆச்சியைச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோய், சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது. உதட்டோரம் நாலைந்து கொப்புளம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அக்கி வந்தபோது எழுதிய பழைய சீட்டைக் காட்டி, அதே 800 மி.கி. மாத்திரையை ஐந்து வேளைக்கு வாங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆச்சிக்கு மருமகளை அடையாளம் தெரியவில்லை. கை நடுங்கியது. இறந்துபோன தாத்தாவுக்குச் சோறு போடச் சொன்னார். பக்கவாதம் என்று பயந்து பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்கு ஒன்றும் இல்லை. சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து வெளியேற வழியின்றி உடம்பில் சேர்ந்துவிட்டது. மருந்தை நிறுத்தி, சிறுநீரக மருத்துவர் பார்த்து, சில நாட்களில் தெளிந்தார். மூன்று மாத்திரைகளுக்குமே இந்த எச்சரிக்கை பொருந்தும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியாட்டினின் அளவை, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவைச் சொல்லாமல் இவற்றைத் தொடக்கூடாது. கூடவே டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்வதும் வயதானவர்களுக்கு ஆகாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

இனி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அசைக்ளோவிர்தான் மூத்தது. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியான் தலைமையிலான குழு உருவாக்கியது. 1982-இல் களிம்பாகவும், 1985-இல் வாய்வழி மருந்தாகவும் அங்கே அனுமதி பெற்றது. எலியான் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் குழு செய்த காரியம் அபாரமானது. இந்த மருந்து உடம்பில் சும்மா கிடக்கும். ஹெர்பிஸ் வைரஸ் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு நொதி பட்டால்தான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு மாறத் தொடங்கும். பிறகு வைரஸ் தன் மரபுப் பொருளை நகலெடுக்க விடாமல் இடையில் வெட்டிவிடும். வைரஸ் இல்லாத செல்களை அநேகமாகத் தொடுவதே இல்லை. இத்தனை ஆண்டுகளாக இது பாதுகாப்பான மருந்தாக நிற்பதற்குக் காரணம் இதுதான். பழையது என்பதால் மட்டமானது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதற்கு ஒரு குறை உண்டு. விழுங்கியதில் 15 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. அணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருகிற கதைதான். அதனால் அடிக்கடி விழுங்க வேண்டியிருக்கிறது. 1995-இல் வந்த வாலாசைக்ளோவிர், புதிய ஆயுதம் ஒன்றும் அல்ல. அதே அசைக்ளோவிரோடு வாலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்திருக்கிறார்கள். குடல் அதை எளிதாக உள்ளே விடுகிறது. ஏறக்குறைய 54 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது. உள்ளே போனதும் அது அசைக்ளோவிராகவே மாறிவிடும். அதாவது, வீரியம் அதிகம் என்று நீங்கள் வாங்குவதும் அசைக்ளோவிரைத்தான். அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம், வேளைகள் குறைவதற்கான கட்டணம்.

ஃபாம்சைக்ளோவிர் பென்சைக்ளோவிர் என்ற வேறொரு மருந்தாக மாறுகிறது. முக்கால் பங்கு ரத்தத்தில் சேரும். பாதிக்கப்பட்ட செல்லுக்குள் நீண்ட நேரம் தங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை அதிகம். திருநெல்வேலி ஜங்ஷனில் கிடைக்கலாம். திசையன்விளையிலோ களக்காட்டிலோ கேட்டால் நாளைக்கு வரவழைத்துத் தருகிறேன் என்பார்கள். ஹெர்பிஸில் அந்த நாளைக்கு என்பதுதான் இடிக்கிறது. அதனால் நான் அதை அதிகம் எழுதுவதில்லை.

வள்ளியூர்ப் பக்கம் லாரி ஓட்டும் தம்பி ஒருவர். வருடத்தில் ஐந்தாறு தடவை பிறப்புறுப்பில் கொப்புளம் வரும். ஒவ்வொரு தடவையும் புண் பழுத்த பிறகுதான் வருவார். அவரிடம் கொப்புளத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நாளைப் பற்றிக் கேட்டேன். யோசித்துச் சொன்னார்: முந்தைய இரவு அதே இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், தொடையில் ஒரு இழுப்பு, லேசான அரிப்பு. பார்த்தால் தோலில் ஒன்றும் இருக்காது. "அதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன் டாக்டர்" என்றார். அந்த ஊசிக் குத்தல்தான் மாத்திரை போட வேண்டிய நேரம். வைரஸ் பெருகுவதைத் தடுப்பது மட்டுமே இந்த மருந்துகளின் வேலை. பெருகி முடித்துப் புண்ணும் ஆன பிறகு அவற்றுக்குச் செய்ய அதிகமில்லை. குத்தல் தொடங்கியதும், அல்லது கொப்புளம் தெரிந்த முதல் நாளுக்குள் தொடங்கினால், சிலருக்குக் கொப்புளமே வராமல் அடங்கிவிடும்.

அவருக்கு வாலாசைக்ளோவிர் 500 மி.கி. காலை, இரவு, மூன்று நாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கையில் வைத்திருக்கச் சொன்னேன். அடுத்த முறை மாத்திரை அட்டை லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் காய்ந்து கிடந்ததாகச் சொன்னார். அது மாத்திரை வைக்கும் இடமில்லை. இப்போது சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருக்கிறார். பணம் இடித்தால் அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டே நாள் போதும், பலன் அதேதான். உதட்டுக் கொப்புளத்துக்கு வாலாசைக்ளோவிர் 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அத்தோடு முடிந்தது. முதன்முறை வரும் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் மட்டும் இப்படி இரண்டு மூன்று நாளில் அடங்காது. அதற்கு அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள். இந்த அளவுகள் சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவர்களுக்கானவை. இவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் சாப்பிடும் முறை இருக்கிறது. அசைக்ளோவிர் 400 மி.கி. இரண்டு வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மி.கி. ஒரு வேளை. வருடத்தில் பத்துக்கு மேல் வந்தால் வாலாசைக்ளோவிரை 1 கிராமாக உயர்த்த வேண்டியிருக்கும். கொப்புளம் வரும் தடவைகள் இதனால் 70 முதல் 80 சதவீதம் வரை குறைகின்றன. தினமும் மாத்திரையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்குப் போடுகிறோமே! இன்னொரு நன்மையும் இருக்கிறது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்து, அவர் தினமும் வாலாசைக்ளோவிர் சாப்பிட்டால் மற்றவருக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆணுறையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. முழுவதும் நிற்காது. கொப்புளம் இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் கசியும்.

இங்கேதான் குடும்பங்கள் உடைகின்றன. கணவர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருப்பார். மனைவிக்கு முதன்முறையாகக் கொப்புளம் வரும். யாரிடமிருந்து யாருக்கு என்று என் மேசைக்கு முன்னால் விசாரணை நடக்கும். முதல் கொப்புளம் நேற்றைய தொற்றால்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டும் வெளிப்படும். உதட்டில் இருந்த முதல் வகை, தம்பதிக்குள்ளேயே கீழே போய்ச் சேர்ந்திருக்கலாம். எந்த ரத்தப் பரிசோதனையும் தொற்றிய தேதியைச் சொல்லாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுவதாக ஆய்வகங்கள் கூவி விற்கும் ஹெர்பிஸ் ஐஜிஎம் பரிசோதனையை நான் எழுதுவதே இல்லை. அது குழப்புவது அதிகம். புதிய கொப்புளத்திலிருந்து பஞ்சில் எடுத்து வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் நம்பத்தக்கது. கூடவே எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் வகை ஹெர்பிஸ் உள்ளவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்புக் கூடுகிறது.

களிம்புக்கு வருவோம். அசைக்ளோவிர் களிம்பு பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு அநேகமாக வீண். உதட்டில் முதல் மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை தடவினால் அரை நாள் முன்னதாக ஆறலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதுகூடப் பரவாயில்லை. அரிப்புக்கு என்று கேட்டால் கையில் தருகிறார்களே, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு, அதுதான் கேடு. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடும். வைரஸ் தாராளமாகப் பரவும். கண்ணில் இது இன்னும் மோசம். ஒரு கண் மட்டும் சிவந்து, கூசி, நீர் வடிகிறவர் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால், ஹெர்பிஸாக இருக்கும்பட்சத்தில் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை போகலாம். நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ள கர்ப்பிணிகள் அதை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. 36-ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை கொடுப்பது வழக்கம். பிரசவ நேரத்தில் கொப்புளமோ குத்தலோ இருந்தால் அறுவை சிகிச்சைதான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸை முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை, அதற்குத் தடுப்பூசியும் இல்லை. பஸ் நிலையச் சுவரில், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் நிரந்தரத் தீர்வு என்று ஒட்டியிருப்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

செலவுக்கு அஞ்சுகிறவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரலாம். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. பெயர் வெளியே போகாது. அரசுத் திட்டத்தில் ஹெர்பிஸுக்கு என்று ஒதுக்கியது சிவப்பு நிறப் பொட்டலம். அசைக்ளோவிர் 400 மி.கி. மாத்திரை 21, ஏழு நாளைக்கு மூன்று வேளை, இலவசம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையே இந்த மருந்துக்கு வேண்டாம். வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்காமல், வாங்கிய இடத்திலேயே முதல் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிடலாம்.