புது வண்டி ஹேண்டில் ஓட ஓடச் சரியாகாது

என் மெக்கானிக் கடைக்குப் போன வாரமும் இப்படி ஒரு புது பைக் வந்தது. பூஜை போட்ட சந்தனம் இன்னும் டேங்கில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வெண்ணாற்றங்கரை ரோட்டில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கும்போது ஹேண்டில் சரியாகத் திரும்பாமல், பையன் வண்டியோடு கரைச் சரிவில் இறங்கிவிட்டான். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. "எடுத்த அன்னைக்கே ஹேண்டில் பிடிக்குதுன்னு சொன்னான். புதுசுதானே, ஓட ஓடச் சரியாகிடும்னு விட்டுட்டோம்" என்கிறார் அவன் அப்பா.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஓட ஓடச் சரியாவது இன்ஜின். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உரசிப் படிய வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் முறுக்காமல் ஓட்டச் சொல்கிறோம். ஹேண்டில் கழுத்தில் இருப்பது பால்ரேஸ்: மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், உள்ளே குண்டுகள். இன்ஜின் மாதிரி ஓட ஓடச் சரியாகிற சாமான் இல்லை அது. அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால், வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் குண்டு கிண்ணத்தைக் குத்தித் தடம் போடும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது, அதனால் தடமும் நடுவில்தான் விழும். அப்புறம் ஹேண்டில் நடுவுக்கு வரும்போதெல்லாம் 'டக்'கென்று உட்காரும். அதற்குமேல் இறுக்கினாலும் தளர்த்தினாலும் பயனில்லை, பால்ரேஸ் செட்டையே மாற்ற வேண்டும். லூசாக இருந்தாலும் தானாக இறுகாது. பிரேக் பிடித்தால் தட்டும், வேகத்தில் ஹேண்டில் உதறும். 'முதலில் டைட்டாக இருந்தது, இப்போது பரவாயில்லை' என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் தூக்கியதும் ஹேண்டிலை நடுவிலிருந்து விரலால் லேசாகத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் அதுவாகவே கடைசி வரை சாய வேண்டும். பாதியில் நின்றால் பால்ரேஸ் இறுக்கம், இல்லை கேபிளோ வயரோ தடுக்கிறது. புது வண்டியில் கூடுதலாக ஹாரன், லைட் மாட்டியவர்கள் இந்த இரண்டாவதை முதலில் பாருங்கள். அடுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களான ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'கடக்' என்றால் லூசு. கடைசியாக, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அந்த வண்டியை அன்றைக்கு எடுக்கவே கூடாது.

ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் காற்று. அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்கில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அப்புறம் செயின்: அதை இறுக்கும் இடத்தில், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் கோடுகள் ஒரே அளவில் நிற்க வேண்டும். சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில் கோணலாக நின்றால் ஃபோர்க் முறுக்கியிருக்கலாம், லாரியில் கட்டி இறக்கும்போது நடப்பதுதான். ஒரு பக்கம் மட்டும் பால் கேனைத் தொங்கவிட்டு 'இழுக்குது' என்று வருகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. ரோடும் ஓரத்துக்குச் சரிந்திருக்கும், சமமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள். தயவுசெய்து இரண்டு கையையும் விட்டுப் பார்க்காதீர்கள்.

தப்பு தெரிந்தால் எங்களைப் போன்ற ரோட்டோரக் கடைக்கு வராதீர்கள். நாங்கள் சுத்தியலை எடுத்தால் ஷோரூமில் வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். ஷோரூம்காரர்களிடமே சொல்லி, குறையை ஜாப் கார்டில், அதாவது வேலைக்கு எடுக்கும்போது அவர்கள் எழுதும் சீட்டில், எழுதச் சொல்லுங்கள். 'முதல் சர்வீஸில் பார்த்துக்கலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். இறுகிய ஹேண்டில் மெதுவாகப் போகும்போதுதான் ஆளைச் சாய்க்கும். போன் போட்டு, வண்டியை அவர்களையே வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.