அம்மாவுக்கு ஏன் இரண்டு வருத்தம்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குப் பல வருசமா முடக்கு வாதம். இப்ப தைரொயிட்டும் பழுதாம். வாதக் குளிசைதான் கெடுத்ததோ? செய்வினை எண்டும் சொந்தக்காரர் சொல்லினம்."

செய்வினை இல்லை. வாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டும் தைரொயிட்டை அழிப்பதில்லை. நோயோடு போராடும் ஒரு தாயின் காதில் செய்வினைக் கதை போடுவது எனக்குக் கோபமூட்டுகிறது.

முடக்கு வாதத்தில் நிர்ப்பீடனத் தொகுதி மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. தைரொயிட்டில் அதே தவறு நடந்தால் ஹஷிமோட்டோ நோய். 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தது. சரி, தவறு எப்படித் தொடங்குகிறது?

கலங்களின் மேற்பரப்பில் எச்எல்ஏ என்ற புரதம் இருக்கிறது. அதன் பள்ளத்தில் புரதத் துண்டுகளை வைத்து, நிர்ப்பீடனத் தொகுதியின் காவலர்களான ரீ கலங்களுக்குக் காட்டும். முடக்கு வாதக்காரர் பலரில் அந்தப் பள்ளத்தின் ஓரமாக ஐந்து அமினோ அமிலங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருப்பதை 1987இல் பீற்றர் கிரெகர்சன் குழுவினர் எடுத்துக்காட்டினர். அவற்றால் அங்கே ஒரு குழி நேரேற்றம் பெறுகிறது. புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் நேரேற்றம் கொண்டது. ஆகவே குழி அதைத் தள்ளிவிடும். ஆனால் அழற்சியின்போதும், சிகரெட் புகை பட்ட நுரையீரலிலும், ஒரு நொதியம் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றிவிடுகிறது. மூலக்கூற்றுத் திணிவு ஒரே ஓர் அலகுதான் கூடும். ஏற்றமோ போய்விடும். தள்ளப்பட்ட துண்டு இப்போது குழியில் வாகாக அமர்ந்துகொள்ளும். நம் சொந்தப் புரதம்தான், ஆனால் ரீ கலத்துக்கு அது அந்நியன். அப்புறம் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன; மூட்டு வீங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே அவை இரத்தத்தில் தென்படலாம். ஒற்றை ஏற்றம் இழந்ததால் இத்தனையும்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தைரொயிட்டுக்கு இந்தச் சிட்ருலின் கதை பொருந்தாது. அங்கே இலக்கு வேறு புரதங்கள். இரண்டு நோய்க்கும் பொதுவானது பிரேக். ரீ கலத்தை அடக்கும் சீடீஎல்ஏ-4 என்ற புரதத்தின் பரம்பரையலகில் சில வேறுபாடுகள் இருந்தால் இரண்டுக்குமே வாய்ப்புக் கூடுகிறது. அந்தப் பிரேக்கின் ஒரு பகுதியைக் கொண்டே அபடாசெப்ட் என்ற வாத மருந்தைச் செய்திருக்கிறார்கள். இவ்வகைப் பரம்பரையலகு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை. கிழக்கு மாகாண மக்களிடமும் இதைத் தேட அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

தைரொயிட் குறைந்தால் வரும் களைப்பையும் உடல் நோவையும் வாதம் என்றே நினைத்து விட்டுவிடுவோம். ரீஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். கன்னியா வெந்நீர் ஊற்றில் அம்மா தாராளமாகக் குளிக்கட்டும். சூடு நோவைத் தணிக்கும். ஆனால் குளிசையை நிறுத்தக் கூடாது. முக்கியமாக ஒன்று: தைரொயிட்டுக்கான தைரொக்சின் தினமும் வெறுவயிற்றில், வாதத்துக்கான மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். மாறி மெதோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு, இரண்டு குளிசையையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள்.