ஆங்கிலத்தின் 'நீ' எங்கே போயிற்று?

"ஆங்கிலத்தில் அப்பாவுக்கும் 'யூ', ஆட்டுக்குட்டிக்கும் 'யூ'. 'நீங்கள்' என்றொரு சொல் ஏன் அந்த மொழியில் இல்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு மேடைகளில் ஆயத்தமாக இரண்டு விடைகள் கிடைக்கும். ஆங்கிலேயருக்கு மரியாதை தெரியாது என்பது ஒன்று. அவர்கள் சமத்துவம் கண்டவர்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். கேள்வியே தலைகீழாக நிற்கிறது. ஆங்கிலத்தில் இல்லாமல் போனது 'நீங்கள்' அன்று, 'நீ'. இன்றைய 'யூ' பிறப்பால் பன்மைச் சொல். ஓர் ஆட்டுக்குட்டியிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்று பன்மை வினையோடு பேசுகிறார்களே, அதற்கு வேறென்ன காரணம்?

பழைய கணக்கை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒருவரை 'தூ' என்றும் பலரை 'யே' என்றும் விளித்தார்கள். நம் 'நீ' வேற்றுமை ஏற்றால் 'உன்' ஆவதுபோல அவையும் 'தே', 'ஏயொவ்' என்று வடிவம் மாறின. சரியாக இருவரிடம் பேசும்போது சொல்ல 'யித்' என்ற தனிச்சொல்கூட இருந்தது. அது 13-ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்தது. மற்றவை ஒலி மாறி, ஒருமைக்கு 'தௌ', 'தீ' என்றும், பன்மைக்கு 'யீ', 'யூ' என்றும் நிலைத்தன. பழைய ஆங்கிலத்தில் இவை தலைகளை எண்ணினவே தவிர தகுதியை எண்ணவில்லை. அரசனும் 'தூ'தான், அடிமையும் 'தூ'தான்.

ஒருவரைப் பன்மையில் அழைக்கும் மரியாதை வெளியிலிருந்து வந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆளும் வர்க்கத்தின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்திருந்த இந்த அவை நாகரிகத்தை 13-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலமும் பழகிக்கொண்டது. இதில் நாம் வியக்க ஏதுமில்லை. தொல்காப்பியம் கூறும் 'நீயிர்' பலரைக் குறிக்கும் பன்மைதான். பிற்காலத்தில் 'நீர்' ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகிவிட, பன்மைக்கு ஆள் தேவைப்பட்டு 'நீங்கள்' வந்தது. பிறகு அதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டு, பலர் முன்னால் 'நீங்கள் எல்லோரும்' என்று நீட்டி முழக்குகிறோம்.

ஆனால் நம்மிடம் 'நீ' சாகவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் செத்தது? இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1600 வாக்கில் லண்டனில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். நாட்டுப்புறங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தபடியே இருந்ததால், அடுத்த நூறாண்டுகளில் அந்த எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. கிராமத்தில் யார் யாருக்கு எந்தச் சொல் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடும். நகரத்தில் அப்படியில்லை. துணிக்கடைக்காரர் ஒருவர் முன் பட்டுச் சட்டை அணிந்த ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் பிரபுவா, பிரபுவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட ஏவலாளா, தெரியாது. பிரபுவை 'தௌ' என்று அழைத்துவிட்டால் வியாபாரம் போகும், முதுகுத்தோலும் போகலாம். ஏவலாளை 'யூ' என்று அழைத்தால் இழப்பு என்ன? ஒன்றுமில்லை, அவன் மகிழ்ந்து போவான். ஒரு பக்கத் தவறுக்குத் தண்டனை உண்டு, மறுபக்கத் தவறுக்கு இல்லை. ஆகவே ஐயம் எழும்போதெல்லாம் கடைக்காரரின் வாய் ஒரே பக்கம்தான் சாயும்.

இந்தச் சாய்வு மிகச் சிறியது. ஆனால் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் வாய்கள், எத்தனை ஐயங்கள்! அதோடு, 'யூ' பெற்றுப் பழகியவரை மீண்டும் 'தௌ' என்று இறக்கினால் அது அவமதிப்பு. மீன் பிடிக்க ஆற்றில் வைக்கும் பறியைப் போன்ற அமைப்பு இது: உள்ளே போக வழியுண்டு, திரும்பி வர வழியில்லை. மேலும் மேலும் பலர் 'யூ'வுக்குள் வரவர, வெளியே எஞ்சிய 'தௌ'வின் பொருள் கறுத்தது. எல்லாருக்கும் 'யூ' கிடைக்கும் ஊரில் ஒருவரைத் 'தௌ' என்று அழைத்தால், வேண்டுமென்றே அழைப்பதாகத்தானே ஆகும்? பொருள் கறுக்கக் கறுக்க, அதைத் தவிர்க்கும் எண்ணம் இன்னும் வலுத்தது. விளைவே காரணமாகித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் இத்தகைய சுழற்சிகள் இயற்பியலிலும் உயிரியலிலும் ஏராளம். நாள்தோறும் நாம் பேசும் பேச்சுக்குள்ளும் ஒன்று ஓடுகிறது என்பது எத்தனை அழகு!

இதே ஐயம் பாரிஸ் கடைக்காரருக்கும் வந்திருக்குமே, அங்கே பிரெஞ்சு 'நீ'யான 'து' ஏன் பிழைத்தது என்று கேட்பீர்கள். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு இதற்கு உதவும். முன்னிலைச் சொற்களை அதிகாரம், நெருக்கம் என்ற இரு விசைகள் இழுக்கின்றன என்றார்கள் அவர்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒருமைச் சொல் நெருக்கத்தின் சின்னமாக நிலைபெற்றது. இருவர் அதற்குள் வந்துவிட்டால் அப்படியே இருப்பார்கள். ஆங்கிலத்திலோ ஒரே உரையாடலில், அதே இருவருக்குள், கோபம் வந்தால் 'தௌ', தணிந்தால் 'யூ' என்று சொல் ஊசலாடியது. உறவில் வேரூன்றாமல் மனநிலையில் தொங்கிய சொல்லை உதறுவது எளிது.

கோபம் வந்தால் எப்படி என்பதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. 1603 நவம்பரில் சர் வால்டர் ராலேமீது ராஜதுரோக விசாரணை நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், "உன்னை 'தௌ' என்றே அழைப்பேன், துரோகியே" என்று சீறினார். ஆங்கிலத்தில் 'ஐ தௌ தீ' என்று 'தௌ'வையே வினைச்சொல்லாக ஆக்கிய சீற்றம் அது. நம் நாளிதழ்கள் 'ஒருமையில் பேசினார்' என்று எழுதுமே, அதேதான்.

எதிர்நீச்சல் போட்டவர்களும் உண்டு. ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர், ஒருவரைப் பலராக அழைப்பது பொய், முகத்துதி என்று கருதி நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். வசையும் அடியும் வாங்கினார்கள். பல மொழிகளில் ஒருமை பன்மை எப்படி இருக்கிறது என்று எடுத்துக்காட்டி 1660-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள். இலக்கணப்படி அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. பயன்தான் இல்லை. 1700 வாக்கில் பொதுப் பேச்சில் 'தௌ' ஏறக்குறைய முடிந்துபோயிற்று.

இதற்கிடையே 'யீ'யும் தன் இடத்தை 'யூ'விடம் இழந்தது. வேகப் பேச்சில் இரண்டும் தேய்ந்து ஒன்றுபோல் ஒலித்தது ஒரு காரணம். இம்மாற்றத்தில் பெண்கள் முந்தி நடந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடிகிறது. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரையிலான ஆங்கிலத் தனிக் கடிதங்களை, 25 லட்சம் சொற்களுக்கு மேல், கணினியில் தொகுத்ததன் பயன் அது. பின்லாந்துக்காரர்கள், இன்னொரு நாட்டின் மொழிக்காக! நம்மூரில் யாராவது பழைய தமிழ்க் கடிதங்களைத் தொகுக்க நிதி கேட்டால் 'இதனால் சமூகத்துக்கு என்ன லாபம்?' என்றுதான் முதல் கேள்வி வரும். பரணில் கிடக்கும் கட்டுகளைக் கரையான் அந்தக் கேள்வியெல்லாம் கேட்பதில்லை.

'தௌ' பேச்சிலிருந்து நழுவிக்கொண்டிருந்த 1611-இல் வெளிவந்தது ஜேம்ஸ் மன்னர் பைபிள். மூலமொழிகளில் ஒருமை பன்மை வேறுபாடு இருந்ததால், மொழிபெயர்த்தவர்கள் கடவுளையும் சாத்தானையும் வேலைக்காரனையும் ஒன்றுபோலவே 'தௌ' என்றார்கள். பிற்காலத்தவரின் காதில் அது வழிபாட்டில் மட்டும் விழுந்ததால், ஏதோ தெய்விக உயர்மொழி என்று எண்ணத் தொடங்கினார்கள். ஏவலாளைக் கூப்பிட்ட சொல்லுக்கு வந்த வாழ்வு! அந்த வேறுபாடு போனதில் நட்டமும் உண்டு. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம், சாத்தான் 'உங்களை'ப் புடைக்கக் கேட்டான், நான் 'உனக்காக' வேண்டிக்கொண்டேன் என்கிறார். ஆபத்து சீடர் எல்லோருக்கும், வேண்டுதல் ஒருவனுக்காக. தமிழ் பைபிளில் இது தெளிவாகத் தெரியும். இன்றைய ஆங்கிலத்தில் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையைக் காட்ட ஆங்கிலம் தவிக்காமலும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஒருவரிடம் 'யூ வாஸ்', பலரிடம் 'யூ வேர்' என்று பலர் பேசினார்கள். நல்ல ஏற்பாடு. 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் அதைப் பெரும்பிழை என்று கண்டித்தார். படித்தவர்கள் பயந்து கைவிட்டார்கள். பிழை என்று ஒருவர் சொன்னதற்காக ஒரு மொழி தன் வசதியை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

சட்டாம்பிள்ளைகள் எட்டாத இடங்களில் மக்கள் தாமே வழி செய்துகொண்டார்கள். யார்க்ஷயரின் பழைய வட்டார வழக்கில் 'தௌ'வின் பிள்ளையான 'தா' இன்னும் கேட்கும். அயர்லாந்தில் 'யீ' பன்மையாகவே வாழ்கிறது. அமெரிக்கத் தெற்கில் 'யால்', பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்', லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் 'யூஸ்'. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் 'யூ கைஸ்' 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸின் பெயரிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் எரிக்கப்பட்ட அவன் கொடும்பாவி 'கை' ஆகி, பிறகு கோமாளி உடைக்காரனைக் குறித்து, அமெரிக்காவில் வெறும் 'ஆள்' ஆயிற்று.

பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழி எல்லாரையும் மிஞ்சிவிட்டது. ஆங்கிலச் சொற்களை எடுத்து, மெலனீசிய மொழிகளின் இலக்கணத்தில் கோத்து வளர்ந்த மொழி அது. ஒருவருக்கு 'யு', பலருக்கு 'யுபெலா'. இருவருக்கு 'யுதுபெலா', மூவருக்கு 'யுத்ரிபெலா' என்று அதற்குள்ளும் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள்.