மாத்திரையை நிறுத்தியவரைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள்

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்க்கும் எனக்குப் போன வாரமும் ஓர் எக்செல் கோப்பு வந்தது. அனுப்பியவர் முதுநிலை மருத்துவ மாணவர். இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வு. நோயாளிகளின் வரிசை எண்கள் 11-லிருந்து 14-க்கும், 22-லிருந்து 26-க்கும் தாவியிருந்தன. நடுவில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். “அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை சார், எடுத்துவிட்டேன். பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டால் போதும்” என்றார். மருந்துகளுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதே பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே வந்தால் முடிவைப் பொருட்படுத்துவது வழக்கம்.

அனுபவமுள்ள மருத்துவர்களே இப்படி நீக்கச் சொல்லிக் கேட்கும்போது மாணவரை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

சாப்பிடாத மருந்து எப்படி வேலை செய்யும், அவரை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் நிறுத்தினார்? வாந்தி தாங்காமல் நிறுத்தியிருக்கலாம். நோய் முற்றி வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். இவர்களை நீக்கினால் மருந்து ஒத்துக்கொண்டவர்கள்தான் மிஞ்சுவார்கள். குலுக்கல் முறையில் பாரபட்சமின்றிப் பிரித்த இரு குழுக்களை நம் கையாலேயே கலைத்துவிடுகிறோம்.

நம்பாதவர்களுக்கு நான் காட்டுவது, மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த கொரோனரி டிரக் புராஜெக்ட் என்ற ஆய்வு. 1980-இல் வெளியான அதன் கணக்கில், குளோஃபைப்ரேட் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 24.6 சதவீதம். இதோடு நிறுத்தினால் மருந்து உயிர் காத்தது என்று எழுதிவிடலாம். ஆனால் போலி மாத்திரை பெற்ற குழுவிலும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 15.1, சாப்பிடாதவர்களில் 28-க்கும் மேல்! போலி மாத்திரையில் மருந்தே கிடையாது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறவர் உடல்நிலையிலும் பழக்கவழக்கத்திலும் மற்றவரிடமிருந்து வேறுபட்டவர். எப்படி வேறுபட்டவர் என்பதை எந்தக் கணக்காலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது இரு குழுக்களின் இறப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இத்துறைக்கு வர விரும்பும் புள்ளியியல் மாணவர்களும் எஸ்ஏஎஸ், ஆர் போன்ற கணக்கீட்டு மென்பொருள்கள் தெரிந்தால் போதும் என்றே நினைக்கிறார்கள். மென்பொருளைச் சில மாதங்களில் பழகிவிடலாம். முதல் நோயாளி சேரும் முன்பே மருத்துவரோடு உட்கார்ந்து, எத்தனை பேர் வேண்டும், எதை முதன்மை முடிவாக அளப்பது, பாதியில் போகிறவரை எப்படிக் கணக்கிடுவது என்று எழுதி வைப்பதுதான் எங்கள் தொழிலின் பெரும்பகுதி. ஆய்வு முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கேட்பதற்குச் சமம் என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டிலேயே சொல்லிவிட்டார்.

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எங்களிடம் வாருங்கள். சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். 2018 ஏப்ரல் முதல், ஆய்வைத் தொடங்கிவிட்டுப் போனால் பதிய மாட்டார்கள். மருந்தை நிறுத்துவது வேறு, ஆய்விலிருந்து விலகுவது வேறு. விலகுகிறேன் என்று அவரே சொல்லாதவரை, மருந்தை நிறுத்தியவரையும் கடைசி நாள் வரை தொலைபேசியிலாவது விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எந்த வரிசையையும் அழிக்காதீர்கள்.

வழிகாட்டிப் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பி மதிப்பு எவ்வளவு என்று மாணவரிடம் கேட்கும் முன், எத்தனை பேரைச் சேர்த்தாய், அவர்களில் எத்தனை பேர் இந்த அட்டவணையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.