விலை மாறவில்லை, பதில் மாறிவிட்டது

தேக்கா சந்தையில் அடிக்கடி சந்திக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "அமெரிக்காவில தேர்தல் முடிஞ்ச கையோட பாதிப் பேர் பொருளாதாரம் நல்லாயிருக்குங்கிறாங்க, மீதிப் பேர் கெட்டுப்போச்சுங்கிறாங்க. அதெப்படி தம்பி?"

நமக்கு இது புதிராகத் தெரிவதில் வியப்பில்லை. 2024 மே 15 அன்று இங்கே சிங்கப்பூரில் பிரதமர் மாறினார். ஆளும் கட்சி 1959லிருந்து மாறவே இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1946லிருந்து அமெரிக்கக் குடும்பங்களிடம் வரவு செலவு எப்படி, வரும் ஆண்டுகள் எப்படியிருக்கும் என்று கேட்டு வருகிறது. (சலிக்காமல் ஒரே கேள்வியைக் கேட்கும் இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பேன். பழைய பதில்கள் இல்லையென்றால் மாற்றம் எப்படித் தெரியும்?) 2020ல் பைடன் வென்றதும் ஜனநாயகக் கட்சியினரின் நம்பிக்கை ஏறியது, குடியரசுக் கட்சியினருடையது சரிந்தது. 2024 நவம்பரில் டிரம்ப் வென்றதும் அப்படியே தலைகீழ். புதிய அதிபர் பதவியேற்பதோ ஜனவரி 20ல்தான். அதற்குள் கடையில் எந்த விலை மாறியிருக்கும்?

சரி, இவர்கள் உண்மையிலேயே அப்படி நம்புகிறார்களா? ஜான் புல்லக், ஆலன் கெர்பர் உள்ளிட்ட நால்வர் 2015ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அதிபரின் காலத்தில் வேலையின்மை கூடியதா, குறைந்ததா என்பது போல, சரியான விடை உள்ள கேள்விகளைக் கேட்டார்கள். சும்மா கேட்டபோது இரு கட்சியினரின் பதில்களும் விலகி நின்றன. சரியாகச் சொன்னால் சிறு தொகை உண்டு என்றதும் அந்த இடைவெளி பாதிக்கும் மேல் குறைந்தது!

அப்புறம் செய்ததுதான் அழகு. 'தெரியாது' என்று சொன்னாலும் பணம் உண்டு, ஆனால் சரியான விடைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்றார்கள். விடை தெரிந்தவர் அந்தச் சிறிய தொகையை நாடமாட்டார். குத்துமதிப்பாகச் சொல்பவருக்கு அதுவே லாபம். பலர் 'தெரியாது' என்றார்கள். இடைவெளி இன்னும் சுருங்கியது. ஆக, அவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. விடை தெரியாமல் காலியாக இருந்த இடத்தைக் கட்சிப் பற்று நிரப்பியிருக்கிறது.

பொருளியல் ஆய்வாளர்கள் ஆதிஃப் மியான், அமீர் சூஃபி குழுவினர் செலவுக் கணக்கையே பார்த்தார்கள். ஆட்சி மாறியபோது மக்களின் எதிர்பார்ப்பு அவ்வளவு ஏறி இறங்கியும், கார் வாங்குவதிலோ கடனட்டைச் செலவிலோ அதற்கேற்ற மாற்றம் எதுவும் தெரியவில்லை.